ஃபெர்னாந்தினாவில் மூன்று எட்டு

இருபத்து மூன்று வருடமாக ஒரு மனிதர் வாரம் தவறாமல் கலாபகோஸ் தீவுகளைச் சுற்றி வருகிறார். சொந்த வீடு இருக்கிற சாந்தா குரூஸைத் தவிர வேறு எந்தத் தீவிலும் அவர் கால் பட்டதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். எலியோ மசாக்கிசாவின் மாமியாரே நம்பவில்லை. "பெண்டாட்டி கேட்டா கூட்டிட்டுப் போகணுமேன்னு பொய் சொல்றான்" என்று அந்த அம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொய்யில்லை. எலியோ 'தோனியா இனேஸ்' கப்பலின் சமையல்காரர். சின்னக் கப்பல். பதினாறு பயணிகள், ஒரு வழிகாட்டி, ஏழு ஊழியர்கள். எவன் போட்ட நேரக்கணக்கோ தெரியாது, சமையல்காரன் ஒருநாளும் கரையேறக் கூடாது என்று வயிற்றெரிச்சலில் போட்டது மாதிரி இருக்கும். காலை எட்டுக்கு மணி அடிக்கும். பயணிகள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரப்பர் படகில் தீவுக்குப் போவார்கள். அப்போதுதான் எலியோவுக்கு மதியச் சாப்பாட்டு வேலை ஆரம்பம். அவர்கள் வெயிலில் சிவந்துபோய்ப் பசியோடு திரும்பும்போது சூப் சூடாக மேசைமேல் இருக்க வேண்டும். மூன்று மணிக்கு மறுபடியும் மணி. மறுபடியும் அவர்கள் தீவுக்கு, இவர் வெங்காயத்துக்கு.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. எலியோ பார்த்த எரிமலை, கடல் சிங்கம், ஆமை, திமிங்கிலம் எல்லாம் அந்தத் தட்டுக்குள் வந்து போனவைதான். அதிலும் பாதி நாள் கண்ணாடியில் உப்புப் படிந்து புகைமூட்டமாக இருக்கும். துடைக்க வேண்டுமென்றால் வெளியே தொங்கிக்கொண்டு துடைக்க வேண்டும். யார் துடைப்பது?

ஆனால் வீட்டுக்குப் போனால் வேறு மனிதர். மலைமேலே பெயாவிஸ்தாவில் அவர் வீடு. மகள் நுபியா சின்னவளாக இருந்தபோது வெள்ளிக்கிழமை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். "அப்பா, இந்த வாரம் என்ன பார்த்தீங்க?" என்று கேட்கிற குழந்தையிடம் "தொட்டியைப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தேன்" என்றா சொல்ல முடியும்? சொன்னார், அளந்துவிட்டார். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது ஃபெர்னாந்தினாவின் நீர்க்காகம். பறக்க மறந்த பறவை அது. இறக்கை சூம்பிப்போய்விட்டது. "அதை எப்படி விரிச்சுக் காயவைக்கும் தெரியுமா? பாதி கிழிஞ்ச சட்டையைக் கொடியில போட்ட மாதிரி நிக்கும், பாவம். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அது என்னை ஒரு பொருட்டாவே மதிக்கல." பக்கத்திலாவது, உட்காருவதாவது! கைநிறைய சோப்பு நுரையோடு நின்று எட்டிப்பார்த்தது.

அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண் வேறென்ன ஆவாள்? வழிகாட்டி ஆனாள். நான்கு வருடப் படிப்பு, தேர்வு, பூங்கா அலுவலகத்தின் அட்டை எல்லாம் வாங்கி, இருபத்தாறு வயதில் தயாராக நின்றாள். பெரிய கப்பல் ஒன்றில் அடுத்த மாதம் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் 'தோனியா இனேஸ்' வழிகாட்டி வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். ஒரே ஒரு வாரத்துக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நுபியா வந்தாள்.

ஏறின அன்றைக்கே அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். பயணிங்க முன்னாடி 'குட்டி', 'செல்லம்'னெல்லாம் கூப்பிடக் கூடாது. நானும் உங்களை மத்தவங்க மாதிரி மாஸ்டர்னுதான் கூப்பிடுவேன்" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றார் எலியோ.

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னொண்ணு. பயணிகள் பதினஞ்சு பேர்தான். ஒருத்தர் வரல. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேர் கணக்கு. நான் கையெழுத்துப் போட்டா காலியான இடத்துல ஊழியர் ஒருத்தர் இறங்கலாம். நீங்க வர்றீங்க. நீங்க பார்க்காத தீவா, இருந்தாலும் ஒருநாள் என் பின்னாடி நடங்களேன். நான் எப்படிப் பேசறேன்னு கேளுங்க."

எலியோ கத்தியைக் கீழே வைத்தார். கப்பல் ஆகஸ்டில் பழுதுபார்க்கப் போகிறது, அத்தோடு அவருக்கும் ஓய்வு. அடுத்த மாதம் இவள் வேறு கப்பலில் இருப்பாள். மகள் பேசிக்கொண்டே முன்னால் போக, தான் பின்னால் நடப்பது என்பது இந்த ஜன்மத்தில் நடக்கும் என்றால் இந்த வாரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. இது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. "பார்க்கலாம்" என்றார், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி.

கேப்டன் கலோவிடம் கேட்டார்கள். கலோ நல்ல மனிதர்தான், வயிறு மட்டும் கொஞ்சம் அவசரக்காரன். "சாப்பாடு நேரத்துக்கு வந்துடணும். அது நடந்தா, மாஸ்டர் தீவுக்குப் போனா என்ன, நிலாவுக்குப் போனா எனக்கென்ன?" என்றார்.

திங்கட்கிழமை ராபிதா தீவு. எலியோ வேகவேகமாக வேலையை முடித்து, செருப்பைக் கழற்றி ஷூவில் ஒரு காலை நுழைத்துவிட்டார். ஹன்னெக்கே என்று ஒரு டச்சுக்கார அம்மாள், நெட்டையாக, ஓயாமல் கேள்வி கேட்பவர், குமட்டுகிறது என்று அறையிலேயே படுத்துவிட்டார். கோதுமை ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகாது என்று முதல் நாளே பட்டியல் கொடுத்திருந்தவர். இப்போது அரிசிக் கஞ்சிதான் இறங்கும் என்றார். கஞ்சி வைத்தார் எலியோ. வைத்து, ஆற்றி, கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். சிவப்பு மணற்கரை ஜன்னலுக்குள் வந்தது, போனது.

செவ்வாய்க்கிழமை உறைபெட்டி நின்றுவிட்டது. அதுவாக நின்றதா, யாராவது கால் இடறி நிறுத்தினார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பதினெட்டுக் கிலோ மீன் இளகி ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வெட்டி, உப்புப் போட்டு, பாதியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, மீதியைப் பொரித்து வைத்தால்தான் தப்பும். எலியோ மீன் வெட்டிக்கொண்டே பேசினது எதையும் இங்கே எழுத முடியாது.

புதன்கிழமைதான் உச்சம். இசபெலா தீவின் மேற்குக் கரை. அன்றைக்கு எந்தப் பயணிக்கும் எந்த நோயும் இல்லை. எலியோ மிதவைச் சட்டை போட்டு, படகுக்குள் இறங்கி, உட்கார்ந்தே விட்டார். படகோட்டி ஹைரோ இஞ்சினை முடுக்கினான். இருபது அடி போயிருப்பார்கள். மேல்தளத்திலிருந்து கலோ இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.

"மாஸ்டர்! திரும்பி வாங்க! கேக்! கேக்!"

"என்ன கேக்?"

"இன்னிக்கு ஒரு பயணிக்குப் பொறந்தநாளாம்! முதலாளி ரேடியோவுல கேக்கறாரு, கேக் ரெடியான்னு!"

"பொறந்தநாள் வருஷா வருஷம் வரும்ல? எனக்கு இது வருமா?" என்று எலியோ திருப்பிக் கத்தினார். பயணிகள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு மொழி புரியவில்லை, ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். நுபியா மட்டும் சிரிக்கவில்லை. ஹைரோ படகைத் திருப்பினான். பிறந்தநாள் யாருக்கு என்றால், அந்த ஹன்னெக்கே அம்மாளுக்கு. கோதுமை இல்லாமல், முட்டை இல்லாமல், பால் இல்லாமல் கேக்! மரவள்ளி மாவும் வாழைப்பழமும் வைத்து என்னவோ ஒன்றைச் செய்து நிறுத்தினார். மாலையில் மெழுகுவத்தி ஊதியபோது அந்த அம்மாள் எலியோவின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் வாழ்நாளில் சாப்பிட்டதிலேயே இதுதான் நல்ல கேக் என்றார். எலியோ பல்லைக் காட்டினார். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஃபெர்னாந்தினா. அதுதான் கடைசி" என்றாள் நுபியா, தட்டுகளை எடுத்துக் கொடுத்தபடி. "அதுக்கப்புறம் விமான நிலையத்துக்குத் திரும்பற ஓட்டம்தான். கரையேற்றம் கிடையாது."

"தெரியும்."

"வருவீங்கல்ல?"

"கப்பலே மூழ்கினாலும் வருவேன். நீந்தி வருவேன். போய்த் தூங்கு."

வியாழக்கிழமை விடிவதற்குள் எலியோ மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டார். அடுப்பே தேவைப்படாத சாப்பாடு. இறாலை எலுமிச்சையில் ஊறவைத்து மூடியாயிற்று. வாழைக்காய் வறுவல் டப்பாவில். சோறு வடித்து, துணி சுற்றி, பெட்டிக்குள். உறைபெட்டியின் சுவிட்சின்மேல் டேப் ஒட்டினார். கலோவிடம் போய், "ரேடியோவுல யார் கேட்டாலும் மாஸ்டர் செத்துட்டார்னு சொல்லிடுங்க" என்றார்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் ஹைரோ மேலேயிருந்து கத்தினான். திமிங்கிலம். தாயும் குட்டியும். இசபெலாவுக்கும் ஃபெர்னாந்தினாவுக்கும் நடுவே இருக்கிற அந்தக் குளிர்ந்த கால்வாயில் அவை வருவது புதிதல்ல. ஆனால் இப்படி கப்பலை உரசிக்கொண்டு வந்தது இல்லை. தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் முன்தளத்துக்கு ஓடினார்கள். நுபியா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினாள். எந்தப் பக்கம் எழும்பும், எத்தனை நிமிடம் உள்ளே இருக்கும், குட்டி ஏன் தாயின் வலப்பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக. எலியோவின் ஜன்னலில் கறுத்த முதுகு ஒன்று வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண் முதுகின்மேல், காது மேலே இருந்து வந்த குரலின்மேல். சொல் எதுவும் தெளிவாக விழவில்லை. விசிறியின் இரைச்சல் வேறு.

திமிங்கிலங்கள் போனபோது மணி எட்டாகிவிட்டது. நுபியா ஒரு வாய் சாப்பிடவில்லை. தண்ணீர் புட்டியை எடுத்துக்கொண்டு நேரே படகுக்கு ஓடினாள்.

எலியோ ஏப்ரனைக் கழற்றினார். மனைவி தேய்த்து மடித்துக் கொடுத்திருந்த கால்சட்டையைப் போட்டார். வெள்ளைச் சட்டை. அடுப்படி விளக்கை அணைத்தார். கதவுக்குப் பக்கத்தில் பழக்கூடை. அதில் சாறு போடுவதற்காக வைத்திருந்த கொய்யா, அவர் வீட்டு மரத்தது. கை அதுவாகவே ஒன்றை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டது. வீட்டில் இருக்கிற நாட்களில், பள்ளிக்கூடம் போகிற பெண் காலையில் சாப்பிடாமல் ஓடினாள் என்றால் அவள் பையில் ஒரு கொய்யாவைத் திணித்து அனுப்பிய கை அது. பன்னிரண்டு வருடம் அதைச் செய்த கைக்கு இன்றைக்கு எந்த இடம், என்ன தீவு என்றெல்லாம் தெரியுமா?

மனிதருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. எங்கள் தீவுக்காரர் யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், கொய்யா என்றால் என்ன என்று. சாந்தா குரூஸ் மலை முழுக்கப் பரவி, உள்ளூர்ச் செடியை எல்லாம் தின்று தீர்த்த சனியன் என்பார்கள். நாங்கள் அதில் ஜாம் செய்வோம், சாறு குடிப்போம், திட்டிக்கொண்டே தின்போம். ஆனால் ஃபெர்னாந்தினாவுக்கு ஒரு விதையும் போகக் கூடாது. வெளியிலிருந்து எதுவும் வேர்பிடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிற தீவு அது. அதற்காகத்தான் ஷூவின் அடிப்பாகத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டு இறங்கச் சொல்கிறார்கள். எலியோ ஷூவைக் கழுவினார். நன்றாகத் தேய்த்துக் கழுவினார்.

படகில் கடைசி ஆளாக உட்கார்ந்தார். யாரும் மேலேயிருந்து கூப்பிடவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கலோ இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஹைரோ, "மாஸ்டர், புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றான்.

"வாயை மூடிட்டு ஓட்டு."

எஸ்பினோசா முனையில் கரை என்று ஒன்றும் கிடையாது. எரிமலைக் குழம்பு ஓடிவந்து கடலில் விழுந்து இறுகிய கறுப்புப் பாறைதான். அலை இறங்கும்போது படகின் மூக்கைப் பாறையில் முட்டி நிறுத்துவார்கள், ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற வேண்டும். ஓதம் ஏறி, கடல் மட்டம் உயர்ந்துவிட்டால் அதுவும் முடியாது. ஹைரோ அழுத்திப் பிடித்துக்கொண்டான். பதினைந்து பேரும் ஏறினார்கள். எலியோ எழுந்து நின்றபோது அலை ஒன்று படகைத் தூக்கியது. பாறை விளிம்பில் இடுப்பு இடித்தது. ஹைரோவின் கையை உதறிவிட்டு ஏறிவிட்டார்.

ஒரு எட்டு. இன்னொரு எட்டு. இன்னொன்று.

எதிரே கடல் உடும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நூறோ இருநூறோ, வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மூக்கிலிருந்து உப்புத் தண்ணீரைப் பீய்ச்சியது. அது எலியோவின் ஷூவில் பட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை. வட்டமில்லாமல், விளிம்பில்லாமல், இடமிருந்து வலம்வரை அத்தனையும் ஒரே தீவு. மேலே எரிமலை. மூச்சை இழுத்துவிட்டார்.

"எல்லோரும் ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள் நுபியா. முதலில் பயணிகளின் மொழியில் சொன்னாள், பிறகு எலியோவுக்காக இன்னொரு தடவை. "இந்தத் தீவுல வெளியூர் விதை ஒண்ணுகூட இறங்கக் கூடாது. எல்லோரும் அவங்கவங்க பையை வெளியே இழுத்துக் காட்டுங்க."

பயணிகள் பையை இழுத்துக் காட்டினார்கள். ஹன்னெக்கே அம்மாளிடமிருந்து ஒரு கசங்கிய காகிதக் கைக்குட்டை வந்தது. ஹைரோ அதை வாங்கிக்கொண்டான். சிரித்தார்கள். எலியோவும் சிரித்தபடி பையில் கையை விட்டார்.

விட்ட கை அங்கேயே நின்றது. பிசுபிசுவென்று இருந்தது. பாறை இடித்ததில் கொய்யா நசுங்கி, பை முழுக்க கூழாகிப் போயிருந்தது. வாசனை வந்துவிட்டது. நுபியாவுக்குத் தெரியாதா அந்த வாசனை?

"மாஸ்டர்" என்றாள். "கையை வெளியே எடுங்க."

எடுத்தார். விரல் இடுக்கெல்லாம் ரோஜா நிறச் சதை, அதில் விதை. ஒரு துளி கீழே சொட்டியது.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. மண்டியிட்டாள். அந்தக் கறுப்புப் பாறையின் ஒவ்வொரு வெடிப்பிலும் விரல் நுனியை விட்டு, அவர் நடந்து வந்த தடம் நெடுக, படகு முட்டி நின்ற விளிம்புவரை விதை தேடினாள். பதினைந்து பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டு விதைகள் கிடைத்தன. காகிதத்தில் சுற்றினாள். இன்னும் ஒரு தடவை தேடினாள். எலியோ கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி, திருடனைப் பிடித்து நிறுத்தியது மாதிரி நின்றார்.

"நீ சாப்பிடலைன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"படகுல ஏறுங்க."

"கால்சட்டையை இங்கேயே கழட்டிப் போட்டுடறேன். உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருக்கேன்."

யாரோ ஒரு பயணி களுக்கென்று சிரித்தார். நுபியாவின் முகம் சிவந்தது. "பாறையிலயா? அதை உதறினா இன்னும் கொட்டும். படகுல ஏறுங்க மாஸ்டர்."

"போய் மாத்திட்டு வர்றேன். பத்து நிமிஷம்."

"ஓதம் ஏறுது. குழுவை நிறுத்திவைக்க முடியாது, உங்களைத் தனியா நடக்கவிடவும் முடியாது. உங்களுக்குத் தெரியாததில்ல." குரல் ஒரு இடத்தில் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "ஏறுங்க."

ஏறினார். வேறென்ன செய்வது?

ஹைரோ படகைப் பின்னுக்கு எடுத்தான். பிறகு எலியோ தன் தலையில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டார். "முட்டாள்! மூளை இருக்கா எனக்கு? இத்தனை வருஷம் அந்தச் சனியன் புடிச்ச பழத்தை வெட்டினேனே, ஒருநாளாவது கை வெட்டுப்பட்டுப் போயிருக்கக் கூடாதா? கஞ்சி கேட்டா அந்தப் பொம்பள, வச்சுக் கொடுத்தேன். மீன் ஒழுகிச்சு, வெட்டினேன். கேக் கேட்டாங்க, செஞ்சேன். அவ்வளவையும் தாண்டி வந்து, என் கையே என் கழுத்தை அறுத்துடுச்சே!"

"மாஸ்டர், விடுங்க."

"என்னத்தை விடறது? நீ வாரா வாரம் அங்க கால் வைக்கறவன். உனக்கென்ன தெரியும்?"

ஹைரோ சுக்கானைத் திருப்பினான். கப்பலுக்குப் போகாமல் படகை முனையை ஒட்டி வளைத்து, இஞ்சினை நிறுத்தினான். "காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. கேளுங்க" என்றான்.

முதலில் கடல் சிங்கம் ஒன்று குரைத்ததுதான் கேட்டது. அப்புறம் அலை. அப்புறம் துண்டு துண்டாக நுபியாவின் குரல். பயணிகளின் மொழி எலியோவுக்கு அரைகுறை. "முட்டை இல்லாமல்", "காரம் இல்லாமல்" என்பதெல்லாம் அத்துப்படி. பாறை விளிம்பில் ஒரு நீர்க்காகம் நின்று சூம்பிய இறக்கையை விரித்தது. நுபியா அதைக் காட்டிக் கையை நீட்டினாள். "சட்டை" என்ற சொல் அவருக்குக் கேட்டது. "கிழிந்த" என்பதும் கேட்டது. பயணிகள் சிரித்தார்கள். எலியோ படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அடுத்து என்ன சொல்கிறாள்?

ரேடியோ கரகரத்தது. கலோ. "ஹைரோ, மாஸ்டர் உன்கூடவா இருக்காரு? இறால்ல உப்பு போட்டாரா இல்லையான்னு கேளு. நான் ருசி பார்த்தேன், சப்புன்னு இருக்கு."

எலியோ கண்ணை மூடிக்கொண்டார். "போட்டாச்சுன்னு சொல்லு. அந்த ஆளைப் பாத்திரத்தை மூடச் சொல்லு."

கண்ணைத் திறந்தபோது குழு அலையாத்திச் செடிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு மதியம் எல்லோரும் இறாலைத் தின்றுவிட்டு நேரே அறைகளுக்குப் போனார்கள். ஹன்னெக்கே அம்மாள் மட்டும் அடுப்படி வாசல்வரை தன் தட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எலியோ பாத்திரம் தேய்த்தார். கால்சட்டை ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஃபெர்னாந்தினா இன்னும் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நான்கு மணிவாக்கில் நுபியா உள்ளே வந்தாள். கையில் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பும் படிவம். கதவைச் சாத்தினாள்.

"எழுதிட்டியா?" என்றார் எலியோ, திரும்பாமல்.

"எழுதிட்டேன்ப்பா."

"பேரோடயா?"

"பேரோடதான். எழுதாம விட்டா என்னோட அட்டை எனக்கெதுக்கு?"

"சரிதான். நான் கேட்கல." ஒரு தட்டைத் துடைத்து வைத்தார். "இனிமே ஊழியர் யாரையும் இறக்கவிட மாட்டாங்க, என்னால."

"ஒரு வருஷத்துக்கு உங்களை விட மாட்டாங்க. மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல."

ஒரு வருடம்! ஆகஸ்டோடு அவர் கப்பல் வாழ்க்கையே முடிகிறது.

நுபியா கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்தாள். தொட்டிக்கு மேலே குனிந்து, ஒரு விதையும் கீழே சிந்தாமல் கடித்துத் தின்றாள். காலையிலிருந்து பட்டினி. எலியோவுக்குப் பொறுக்கவில்லை. "நுபியா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அந்தத் தீவுக்கு நான் முன்னாடி போனதே இல்ல. எந்தத் தீவுக்குமே..."

"தெரியும்."

"தெரியுமா? யார் சொன்னா? அந்தக் கலோவா?"

"ஒன்பது வயசுலேயே தெரியும்ப்பா. நீங்க சொன்ன எந்தக் கதையிலயும் உங்க காலுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. மணலா, கல்லா, சுடுமா, குத்துமா, ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் இந்த வாரம் பூரா உங்களைத் துரத்தினேன்." வாயைத் துடைத்துக்கொண்டாள். கண்ணையும் துடைத்தாள். "இப்போ சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

எலியோ துணியைக் கீழே வைத்தார்.

"சோறு அடிப்பிடிச்சா சட்டியில ஒட்டிக்கிட்டிருக்குமே காந்தல், அது மாதிரி. மேலே மொறுமொறுன்னு நொறுங்குது, கீழே கல்லு. ஷூவுக்குள்ள சூடு ஏறுது. மூணாவது எட்டுல கொஞ்சம் சரிஞ்சேன். பாறை கெட்டியாப் புடிச்சுக்கிச்சு, வழுக்கல."

"ம்."

"அந்தப் படிவத்துல என்னன்னு எழுதியிருக்கே? படி."

நுபியா படித்தாள். தேதி, நேரம், எஸ்பினோசா முனை. ஊழியர் எலியோ மசாக்கிசா கரையேறினார். பையில் பழம் இருந்தது. மூன்று எட்டு நடந்தார். திருப்பி அனுப்பப்பட்டார்.

"மூணுதானா?" என்றார் எலியோ. "படகுக்குத் திரும்பிப் போனதையும் சேர்த்தா ஆறு வரும்."

"திரும்பிப் போனதை எண்ண முடியாதுப்பா. வந்தது மூணு. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

மேலே மணி அடித்தது. எலியோ அடுப்பைப் பற்றவைத்தார்.